நாற்பத்து மூன்றாம் பை

1

இந்தக் கதைக்குக் காரணம் பொறாமை. வேறு காரணம் சொன்னாலும் நீங்கள் நம்புவீர்கள். பாலைவனத்தின் மேல் சின்ன வயதிலிருந்தே மோகம் என்று சொல்லலாம். பொய். நான் பாலைவனத்துக்குப் போனதே இல்லை. போனவள் என் வீட்டில் இருக்கிறாள்.

பத்து நாள் இருந்துவிட்டு வந்தாள். வந்ததும் முகம் கழுவினாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"மணல்தான்," என்றாள். துணி ஊறவைக்கப் போய்விட்டாள்.

அன்று தொடங்கியது வயிற்றெரிச்சல்.

இவ்வளவு வெட்கமில்லாமல் ஒரு கதையைத் தொடங்கக் கூடாது. ஆகவே என் வயிற்றெரிச்சலை ஒருவனுக்குக் கொடுத்துவிடுகிறேன். இனி அவன் பட்டுக்கொள்ளட்டும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"பாலைவனத்தில் காற்று, தான் எழுதிய கடிதங்களைத் தானே அழித்துக்கொண்டு—"

அடித்துவிட்டேன். இது அவன் எழுதும் வாக்கியம். அவன் பிழைப்பே இதுதான். பயண வழிகாட்டிப் புத்தகங்களுக்கு எழுதுகிறான். இரண்டாம் மாடி அறை, ஒரு மேசை, எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த ஜன்னல். பன்னிரண்டு ஆண்டுகளில் நாற்பது இடங்களைப் பற்றி எழுதியிருக்கிறான். பார்த்தது நான்கு. அதில் இரண்டு, கல்யாணத்துக்குப் போன ஊர்கள்.

பாலைவனம் பற்றிய அத்தியாயம் மூன்று பதிப்பு கண்டது. 'மணல் பாடும்', 'அடிவானம் உருகும்', 'அமைதி காதைப் பிளக்கும்' எல்லாம் அவன் கைங்கரியம். ஒரு வாசகர் கடிதம் எழுதினார்: 'போய்ப் பார்த்தோம். நீங்கள் எழுதிய மாதிரியே இருந்தது.' அந்தக் கடிதத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறான்.*

இரண்டாம் முயற்சி:

"அவனுடைய மனைவி மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள்."

இது நிற்கும்.

மண் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. ஒரு பைக்கு இரண்டு சீட்டு. ஒன்று பைக்கு உள்ளே, ஒன்று வெளியே. பென்சிலால்தான் எழுத வேண்டும், மை ஊறிவிடும். பையின் வாயை மூன்று முறை மடித்து நூலால் கட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் எண். ஓர் எண்ணைக் கொடுத்தால் கொடுத்ததுதான். பை கிழிந்து மண் கொட்டிப்போனாலும் அந்த எண்ணை வேறு பைக்குத் தரக் கூடாது. குறிப்பேட்டில் எண்ணை எழுதி, குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். சும்மா தாண்டிப் போகக் கூடாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் தாண்டிவிடுவார்கள். அவள் கூப்பிட்டு நிறுத்திக் கேட்பாள். கூடத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர். அவளுக்குத் தெரியும். வருத்தமில்லை.

அவளைத்தான் பத்து நாள் பாலைவனத்துக்கு அனுப்பினார்கள். ஒரு வண்டி, ஓர் ஓட்டுநர், நூறு காலிப் பைகள்.

* அவனுக்கும் போக வாய்ப்பு வந்தது. இரண்டு முறை. ஒரு முறை பல்வலி என்றான். மறுமுறை பல்வலி உண்மையாகவே வந்தது. போனால் எழுதியதெல்லாம் பொய் என்று தெரிந்துவிடுமே என்று பயம். இதைக் கதைக்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் அடியில் வைக்கிறேன்.

3

அவள் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினி வந்தாள். அவளுடைய தங்கை. கதை கேட்க என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

"சொல்லுக்கா. பத்து நாள். ஏதாவது சொல்லு."

"என்னத்தச் சொல்ல? காலைல எந்திரிப்போம். தோண்டுவோம். கட்டுவோம். சாப்பிடுவோம். தூங்குவோம்."

"ஒட்டகம்?"

"ஒண்ணு பாத்தேன். தூரத்துல. அது என்னப் பாக்கல."

மச்சினி சிரித்தாள். "மாமா புத்தகத்துல மணல் பாடும்னு போட்டிருக்கே. பாடுச்சா?"

அவள் யோசித்தாள். கிண்டல் செய்திருந்தால் அவன் பொறுத்திருப்பான். நேர்மையாக யோசித்தாள்.

"இல்ல. மூக்குல போச்சு."

"மாமா மூஞ்சியப் பாரேன்! சொந்த நிலத்துல எவனோ வேலி போட்ட மாதிரி இருக்கு."

"எனக்கென்ன?" என்றான் அவன். "நான் போகணும்னு அழுதேனா?"

"அழல. ஆனா பத்து நாளும் எனக்கு ஃபோன் போட்டு, 'உங்கக்கா உங்கிட்டயாவது பேசினாளா'ன்னு கேட்டது யாராம்?"

"அங்க டவர் இல்லடி," என்றாள் மனைவி. "நல்லா இருந்துச்சு."

'நல்லா இருந்துச்சு.' பாலைவனத்தைப் பற்றி அவள் சொன்ன ஒரே பாராட்டு. அதுவும் டவர் இல்லாததற்கு.

மச்சினி போன பிறகு அவன் அவளைக் கவனித்தான். அவளிடம் ஏதோ மாறியிருந்தது. வீட்டுக்குள் செருப்பு போடுகிறவள், வெறுங்காலோடு நடந்தாள். பால்கனியில் நின்று எதிர்த் தொட்டியைப் பார்த்தாள். தொட்டியைப் பார்க்கவில்லை.

"என்ன யோசன?"

"ஒண்ணுமில்ல."

பதினாறு வருடத்தில் அவளுடைய 'ஒண்ணுமில்ல' அவனுக்கு அத்துப்படி. கோபத்தில் சொல்வது ஒன்று. அசதியில் சொல்வது ஒன்று. அவன் பிறந்தநாளுக்கு ஏதோ ஒளித்து வைத்திருக்கும்போது சொல்வது ஒன்று. இது எதிலும் சேரவில்லை. புது ஒண்ணுமில்ல.

4

களக் குறிப்பேடு மேசை மேல் இருந்தது. அவன் எடுத்தான்.

(மேசை மேல் இல்லை. அவளுடைய தோள்பையின் மூன்றாவது உள்ளறையில், ஜிப்புக்குப் பின்னால் இருந்தது. கதாநாயகனுக்குக் கொஞ்சம் மரியாதை மிச்சம் வைக்கலாம் என்று பார்த்தேன்.)

பென்சில் எழுத்து. வரிசை எண்கள். நான்காம் நாள்:

41. காலை 6.10. மேற்பரப்பு. மென்மணல். காற்று இல்லை.

42. காலை 7.30. 30 செ.மீ. ஈரம்போல் குளிர். ஈரம் இல்லை.

44. காலை 10.45. வறண்ட ஓடைத்தடம். உப்புப் படிவு.

நாற்பத்து இரண்டாம் வரியில் அவன் நின்றுவிட்டான்.

ஈரம்போல் குளிர். ஈரம் இல்லை.

நான்கு சொல். திரும்பப் படித்தான். மூன்று பதிப்பு, பன்னிரண்டு ஆண்டு, எத்தனை உருகும் அடிவானங்கள். இந்த நான்கு சொல்லுக்கு முன்னால் எல்லாம் மண்ணாங்கட்டி.

இங்கே கதையை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். எழுதுகிறவனுக்கு வரும் பொறாமை தனி வகை. இன்னொருவன் நன்றாக எழுதினால் வயிறு எரியும். ஆனால் அவனும் நம்மைப் போல் முக்கி முனகி எழுதியிருப்பான் என்று ஓர் ஆறுதல் இருக்கும். நன்றாக எழுத வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் ஒருத்தி, முழங்காலில் நோட்டை வைத்து, மணலைத் தட்டிவிட்டு, நான்கு சொல்லில் பாலைவனத்தை முடித்துவிட்டு, அடுத்த குழிக்குப் போயிருக்கிறாள். இதற்கு ஆறுதல் கிடையாது.

அவன் கணினியைத் திறந்தான். நான்காம் பதிப்புக்குத் திருத்திக்கொண்டிருந்த அத்தியாயத்தில் அந்த வரியைத் தட்டினான். அழித்தான். மறுபடி தட்டினான். இந்த முறை அழிக்கவில்லை.

பிறகுதான் எண்ணைப் பார்த்தான். நாற்பத்து இரண்டு. நாற்பத்து நான்கு.

நாற்பத்து மூன்று இல்லை. கோடு இல்லை, காரணம் இல்லை, கையெழுத்து இல்லை. நடுவே மூன்றேகால் மணி நேரம். மற்றவர்கள் தாண்டினால் கூப்பிட்டு நிறுத்திக் கேட்கிறவள், தானே தாண்டியிருக்கிறாள்.

5

இந்த இடத்தில் ஓர் ஆணைக் கொண்டுவரலாம். கொண்டுவந்தேன். இரண்டு பக்கம் எழுதினேன். பாறைகளை ஆராய வந்தவன். அவனுக்கு ஒரு தொப்பி கொடுத்தேன். நல்ல பல்வரிசை கொடுத்தேன். "நீங்க தனியாவா வந்தீங்க?" என்று கேட்கவைத்து—

கிழித்துவிட்டேன். எழுதி முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதனால்தான் கிழித்தேன். எதிரே ஓர் ஆள் இருந்தால் சண்டை போடலாம், சட்டையைப் பிடிக்கலாம், மன்னித்துப் பெரிய மனிதனாகலாம். என் கதையில் உள்ளவனுக்கு அந்த வசதி இல்லை.

அவன் ஓட்டுநரைப் பார்க்கப் போனான். வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்காது. மனைவி மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டாள், கொடுக்க வந்தேன் என்று கொண்டுபோனான். அவள் மறக்கவில்லை. காலையில் அவன்தான் அவள் பையிலிருந்து எடுத்து ஒளித்தான்.

பரிசோதனைக் கூடத்தின் பின்வாசலில் ஓட்டுநர் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டியிருந்தார்.

"நாலாம் நாளா? ஆமா சார். மேடம் வண்டிய நிறுத்தச் சொன்னாங்க. எறங்கி நடந்தாங்க."

"எங்க?"

"எங்கன்னா? அங்க எங்கன்னு ஒண்ணு இல்லையே சார். நேரா போனாங்க."

"நீங்க கூடப் போகலையா?"

"வராதீங்கன்னுட்டாங்க. வண்டி கண்ணுல படுற தூரம்தான் போவேன்னாங்க. நான் வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டேன். அங்க நெழலுன்னா அது ஒண்ணுதான்."

"தூங்கிட்டீங்க."

"ஆபீஸ்ல சொல்லிடாதீங்க சார்."

"திரும்பி வரும்போது பாத்தீங்களா?"

ஓட்டுநர் துணியைப் பிழிந்தார். "பாத்தேன். சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன். செருப்பு கையில இருந்துச்சு. கால் செவந்திருந்துச்சு. பாடிக்கிட்டு வந்தாங்க."

"யாரு?"

"மேடம்தான். வேற யாரு இருக்கா அங்க?"

பதினாறு வருடத்தில் அவள் பாடி அவன் கேட்டதில்லை. குளியலறையில்கூட இல்லை.

"என்ன பாட்டு?"

"தெரியல சார். வார்த்த இல்ல. சும்மா ராகம்."

அவன் போகத் திரும்பினான். அடக்க முடியாமல் கேட்டான். "நல்லா பாடினாங்களா?"

ஓட்டுநர் யோசித்தார். அவரும் நேர்மையாக யோசித்தார்.

"சுமார்தான் சார்."

வீட்டுப் படியில் ஏறும்போது அதையே நினைத்தான். மணல் பாடும் என்று மூன்று பதிப்பில் எழுதியவன் அவன். மணல் பாடவில்லை. இவள் பாடியிருக்கிறாள். அதைக் கேட்க வேண்டியவன் பல்வலி என்று வீட்டில் இருந்துவிட்டான். கேட்டது ஓர் ஓட்டுநர். அவர் சுமார் என்கிறார்.

6

நாற்பத்து மூன்றாம் பை அலமாரியில், குளிர்காலப் போர்வைக்குப் பின்னால் கிடைத்தது. கைக்குள் அடங்கும் பை. வெளிச்சீட்டில்:

எண்: 43
இடம்:
ஆழம்:
எடுத்தவர்: அவள் கையெழுத்து
குறிப்பு:

மற்றது எல்லாம் வெற்று. அவன் நூலை அவிழ்த்தான். மடிப்பைப் பிரித்தான். மணல். விரலை விட்டான். குளிரும் இல்லை, சூடும் இல்லை. வீட்டில் எவ்வளவோ அவ்வளவு. மோந்து பார்த்தான். போர்வையின் வாசனை அடித்தது. மடித்து, கட்டி, இருந்த இடத்தில் வைத்தான்.

மறுநாள் சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்தாள். உள்ளே போனாள். பையோடு வந்தாள்.

"யாரு பிரிச்சது?"

"எத?"

"ரெண்டு மடிப்புதான் இருக்கு. நான் மூணு மடிப்பேன்."

பொய் சொல்ல நேரமிருந்தது. ஆனால் அவன் எதிரில் நின்றது சல்லடை.

"நான்தான்."

"என்ன இருந்துச்சு?"

"மணல்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. மணல்தான்."

"அதத்தான வந்தன்னிக்கே சொன்னேன்?"

அவன் தலை குனிந்தான். அவள் பார்வை கணினித் திரைக்குப் போனது. கிட்டே வந்து படித்தாள்.

"இது என் வரி."

"ஆமா."

"எடுங்க."

எடுத்தான். அவள் பையை மடியில் வைத்து, மூன்றாவது மடிப்பை மடித்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே பேசினாள். குரல் உயரவில்லை.

"என் லீவு, என் தலவலி, என் தங்கச்சி, என் தூக்கம், எல்லாத்துலயும் நீங்க இருக்கீங்க. இருங்க, வேணாங்கல. இந்த மூணு மணி நேரம் மட்டும் எனக்கு வேணும்."

"நான் கேக்கவே இல்லையே."

"கேக்கல. என் கண்ணாடியத் திருடிக்கிட்டுப் போய் டிரைவர்கிட்ட கேட்டீங்க."

அவனுக்குக் காது சிவந்தது.

"நீங்க எழுதுவீங்க. எனக்குத் தெரியும். எழுதினா நல்லாவே எழுதுவீங்க. அப்புறம் அது உங்களோடதா ஆயிடும். நான் அங்க போனதே நீங்க எழுதினத வச்சுத்தான் எனக்கு ஞாபகம் வரும்."

"புத்தகத்துல போடல. சத்தியமா."

"சரி."

"கதையா எழுதினா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. "திருந்தவே மாட்டீங்களா?"

"கேக்கறேன்."

"கதைன்னா எங்கிட்டக் காட்டணும். நான் பாத்து வேணாம்னா வேணாம்."

"வேணாம்னா வேணாம்," என்றான் அவன்.

8

ஏழு இருந்தது.

அந்த மூன்றேகால் மணி நேரத்தை நான் கற்பனை செய்து எழுதிய பகுதி அது. ஒரே பக்கம். ஒன்றுகூட உருகவில்லை, பாடவில்லை, பிளக்கவில்லை. அவள் செருப்பைக் கழற்றுவதிலிருந்து ஓட்டுநர் விழித்துக்கொள்வதுவரை. எழுதும்போது தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த இந்த அறையில் எனக்குக் கால் சுட்டது. பன்னிரண்டு ஆண்டில் முதல் முறை. சத்தியமாகச் சுட்டது.

('அவன்' எங்கே போனான் என்று கேட்கிறீர்களா? போய்விட்டான். இனி நான்தான்.)

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பகுதியையும் அவளிடம் கொடுத்தேன். பால்கனியில் உட்கார்ந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு படித்தாள். மச்சினியும் வந்திருந்தாள். நான் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

"உக்காருங்க மாமா. பரீட்ச ரிசல்ட்டா வருது?"

"நீ சும்மா இரு."

பால்கனியிலிருந்து குரல் வந்தது. "இது யாரு 'அவன்'? திட்டு வாங்க ஒரு ஆள் வச்சிருக்கீங்களா?"

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி: "சுமார்னா சொன்னாரு?"

"ஆமா."

"நாளைக்கு இருக்கு அவருக்கு."

மச்சினி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

பிறகு எட்டிப் பார்த்தேன். கடைசித் தாள் அவள் கையில் இருந்தது. ஒரு பக்கம் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவள் பக்கத்தைத் தாண்டவே இல்லை. ஒரு கால் மற்றொரு காலின் மேல் ஏறியிருந்தது. தரை சுட்டால் நாம் அப்படித்தான் வைப்போம். பால்கனித் தரையில் அப்போது நிழல்தான் இருந்தது.

எழுந்து உள்ளே போனாள். நூல் எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் ஆறு பகுதியை அப்படியே என் கையில் கொடுத்தாள். ஏழாம் பகுதித் தாளில் பென்சிலால் ஏதோ செய்தாள்; என்ன என்று தெரியாதபடி முதுகைத் திருப்பிக்கொண்டாள். மூன்று முறை மடித்தாள். நூலால் கட்டினாள். வெளியே ஒரு சீட்டு. எண்: 7.

"இது வேணாம்," என்றாள்.

"தப்பா எழுதிட்டேனா?"

அவள் பென்சிலை மறுபடி காதில் செருகினாள்.

"சரியா எழுதிட்டேனா?"

"குறுக்க கோடு போட்டு, காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கேன். முறைப்படி."

"உன் நோட்டுல நாப்பத்து மூணுக்கு நீ கோடு போடலையே?"

"தொலைஞ்சதுக்குத்தான் கோடு. அது தொலையல."

9

பொட்டலம் என் மேசை மேல் இருக்கிறது. வாசகர் கடிதத்தைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து எடுத்துக் கிழித்துவிட்டேன்.

உள்ளே இருக்கும் பக்கம் எனக்கு மனப்பாடம். இங்கே அப்படியே எழுதிவிட முடியும். அவள் அச்சில் வந்ததைப் படிக்கிறவளும் இல்லை. ஆனால் வேணாம்னா வேணாம்.

எனக்குத் தெரியாதது அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் காரணம். 'இப்படி நடக்கவில்லை' என்று எழுதியிருந்தால், நான் இன்னும் அங்கே போகவில்லை. பழைய ஆள்தான், நான்காம் பதிப்பு. 'இப்படித்தான் நடந்தது' என்று எழுதியிருந்தால், போகாமலே போய் அவளிடமிருந்து அதை எடுத்துவிட்டேன். அவளுக்கு அலமாரியில் ஒரு பிடி மணல்தான் மிச்சம். இரண்டில் எதை நான் விரும்புகிறேன் என்று கேட்காதீர்கள். இரண்டாவதை. அதற்காகத்தான் பிரிக்காமல் இருக்கிறேன்.

[மூன்றாவது ஒன்றும் இருக்கலாம். அவள் வெறுமனே 'மணல்தான்' என்று எழுதியிருக்கலாம். அவளால் முடியும். அப்படியானால் நான்—]

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. பக்கத்து அறையில் ஒரு சத்தம். அவள் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். வார்த்தை இல்லாமல் ஒரு ராகம். தொடங்குகிறது, இழுக்கிறது, ஓர் இடத்தில் சறுக்கி மறுபடி ஏறுகிறது.

ஓட்டுநர் சொன்னது சரி. சுமார்தான்.

நான் இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பது அவளுக்குத் தெரியாது. நாற்காலியை நகர்த்தினால் நின்றுவிடும். கையை நீட்டினால் மேசை கிரீச்சிடும். ஆகவே என்னால் இதற்கு மேல் எழுத முடியாது.

பொட்டலத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்துப் பாருங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். பிரித்தால் எனக்குச் சொல்ல வேண்டாம். மூன்று மடிப்பு. நூலை மெதுவாக அவிழ்க்க வேண்டும், சத்தம் வராமல்.